மூன்றாவது கியரில் ஓர் இறக்கம்

எங்கள் விவசாயிகள் குழு வாங்கிய லாரிக்கு மூன்றாவதாக வந்த டிரைவரும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். சாவியை டீக்கடையில் கொடுத்துவிட்டுக் காலை பஸ்ஸில் இறங்கிப் போனதாகக் கேள்வி. அன்று சாயங்காலம் செம்மேட்டில் கூட்டம் போட்டார்கள்.

லாரி பழையது, ஆறு சக்கரம். கொல்லிமலையில் பிடுங்குகிற மரவள்ளிக் கிழங்கை நாங்களே கீழே ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்குக் கொண்டுபோய் இறக்கலாம் என்று வாங்கியது. வண்டி வந்துவிட்டது, ஓட்ட ஆள்தான் நிற்கவில்லை. கீழ்நாட்டு டிரைவர்களுக்கு மலை பிடிக்கவில்லை. ஒருவர் குளிர் என்றார், இன்னொருவர் போனில் சிக்னல் இல்லை என்றார். மூன்றாமவர் காரணம்கூடச் சொல்லவில்லை.

"நம்மள்ல யாராச்சும் ஹெவி லைசென்ஸ் எடுத்தாத்தானுங்க ஆவும்," என்றார் குழுத்தலைவர்.

கூட்டத்தில் லேசான வண்டி ஓட்டும் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். நான்காவது ஆள் நான். எங்கள் பிக்கப் வண்டியில் நான்கு வருடமாக மிளகும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்வருகிறேன். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும்.

"நான் எடுக்கறனுங்க," என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "நெசமாத்தான் சொல்றியா சாமி?" என்று கேட்டுவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: "லாரி பிக்கப் மாதிரி இல்ல புள்ள. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுதான் கை தூக்குனியா?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். மறுநாளிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். அதுதான் அவருடைய சம்மதம் என்று நான் புரிந்துகொண்டேன்.

எல்.எல்.ஆர். வாங்கினேன். டாக்டரிடம் கண்ணையும் காதையும் காட்டிச் சான்று வாங்கினேன். சேந்தமங்கலத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, தினமும் முதல் பஸ்ஸில் இறங்கிப் போனேன். அங்கே கற்றுக்கொடுத்தவரை எல்லாரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். காளப்பநாயக்கன்பட்டிக்காரர். பத்து வருடத்துக்கு மேல் வடநாட்டு லைனில் டிரெய்லர் ஓட்டியவர். கத்த மாட்டார். தப்பு செய்தால் விரல் முட்டியால் டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு என் முதுகு தானாக நிமிரும்.

முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "கால் எட்டுமா அம்மிணி?" என்று கேட்டார். எட்டவில்லை. சாக்கை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். எட்டியது.

பிக்கப்பில் நான் கற்றதெல்லாம் லாரியில் பாதிதான் பயன்பட்டது. வளைவில் முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வருவதில்லை, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அதனால் வளைவைத் தாண்டிப் போய்த்தான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். கியர் குறைக்கும்போது கிளட்சை ஒருமுறை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து, மறுபடி அழுத்தித்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் பல்லைக் கடிக்கிற சத்தம் போட்டுவிட்டுக் கியர் விழாது. ரிவர்ஸ் எனக்குக் கடைசிவரை தகராறுதான். மைதானத்தில் நட்டிருந்த குச்சிகளில் தினம் ஒன்றையாவது சாய்த்தேன்.

மாஸ்டரிடம் எனக்கு மரியாதை இருந்தது. பயமும் இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஹெவி லைசென்ஸ் டெஸ்டுக்குப் போக டிரைவிங் ஸ்கூலின் பயிற்சிச் சான்று வேண்டும். அதில் கையெழுத்துப் போடுவது அவர். என்னோடு பயின்ற ஒருவர், மண் லாரியில் கிளீனராக இருந்தவர், ஒருநாள் பிரேக் பற்றி அவரோடு வாதாடினார். மாஸ்டர் வண்டியை நிறுத்தச் சொன்னார். "எனக்கு வண்டி சொல்லித்தர்ற ஆளுக்கு என் கையெழுத்து எதுக்கு? எறங்கிக்க," என்றார். அந்த ஆள் அதற்குப் பிறகு வரவில்லை. நான் பின்சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெஸ்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மலையில் மழை பிடிக்கும் போலிருந்தது. குழுவில் ஐந்தாறு பேர் அவசர அவசரமாகக் கிழங்கைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, உள்ளே கறுத்துவிடும். மில்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிரைவர் இல்லை. மாஸ்டரை ஒருநாள் மட்டும் கேட்டுப் பார்க்கலாம் என்று தலைவரிடம் சொன்னது நான்தான்.

அவர் ஞாயிற்றுக்கிழமை காலை மேலே வந்தார். லாரியைச் சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார். "நல்ல வண்டி," என்றார். நானும் கூட வந்தால் மில்லில் எடை போடுவதைப் பார்த்துக்கொள்ளலாம், போகும் வழியில் சமதளத்தில் கொஞ்சம் ஓட்டவும் செய்யலாம் என்று என்னையும் ஏறச் சொன்னார். முன்னாலும் பின்னாலும் 'எல்' ஒட்டினோம்.

எல்லாரும் பேசுகிற எழுபது வளைவு ரோடு காரவள்ளிப் பக்கம் இறங்குவது. நாங்கள் பாரம் ஏற்றினால் முள்ளுக்குறிச்சி வழியாகத்தான் இறங்குவோம். அங்கே வளைவு குறைவு, ஆனால் இறக்கம் நீளம். நேராக இருக்கிறதே என்று வண்டியை விட்டால் வேகம் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்றுதான் மலையில் நாங்கள் ஓட்டுவோம். என் பிக்கப்பையே நான் அங்கே இரண்டாவதில்தான் இறக்குவேன்.

மாஸ்டர் மூன்றாவதில் இறக்கினார்.

கவனித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு வடநாட்டு ரோடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து மிதித்து வந்தார். நாலைந்து வளைவு கழித்து எனக்கு ஒரு வாசம் அடித்தது. ரப்பரும் துணியும் சேர்ந்து கருகுகிற மாதிரி. மலையில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் தெரிந்த வாசம் அது. பிரேக் லைனர் சூடேறுகிறது.

சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கிளீனர் ரோட்டோரம் இறங்கி நின்றது ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரியாததா, அவர் மூக்குக்கும்தானே எட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு. மூன்றாவது வளைவில் அவர் பேச்சை நிறுத்தினார். பிரேக்கை மிதித்த கால் முன்பைவிட ஆழமாக இறங்கியதைப் பார்த்தேன்.

"மாஸ்டருங்க, லைனர் கருகுதுங்க. ரெண்டாவது போட்டுருங்க," என்றேன்.

"தெரியும், உக்காரு."

அவர் கிளட்சை அழுத்தி மூன்றாவதிலிருந்து எடுத்தார். இரண்டாவதில் விழவில்லை. கியர் கரகரவென்று அரைத்தது. மறுபடி தள்ளினார், மறுபடி அரைத்தது. வண்டி இப்போது எந்தக் கியரிலும் இல்லை. இன்ஜின் சத்தம் அடங்கிப்போய், டயர் உருளும் சத்தமும் பின்னால் பாரம் முனகுகிற சத்தமும் மட்டும் கேட்டன. வலது பக்கம் பள்ளம். மரங்களின் உச்சி எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஓடியது.

அவர் பிரேக்கை முழுசாக மிதித்தார். வண்டி லேசாகத் தயங்கியது, நிற்கவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பத்து வருடம் டிரெய்லர் ஓட்டிய மனிதர், கியர் கம்பியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆக்ஸிலேட்டர் குடுத்துப் போடுங்க! மூணாவதாச்சும் போடுங்க!" என்று கத்தினேன். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் திருப்பிச் சொன்னேன். அவர் ஒரு மிதி மிதித்துத் தள்ளினார். மூன்றாவது விழுந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுத்தது. வேகம் கூடுவது நின்றதே தவிர, குறையவில்லை.

அப்போதுதான் எனக்கு நேரம் உறைத்தது. ராசிபுரத்திலிருந்து மேலே வருகிற காலை பஸ் அந்நேரம் அந்த இடத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கும்.

"ஹாரனை விடாம அடிங்க. அடுத்த வளைவு தாண்டுனதும் இடது பக்கம் சரிஞ்ச மண்ணைக் குவிச்சு வெச்சிருக்காங்க. அதுல ஏத்துங்க. மலைப்பக்கமுங்க, இடது பக்கம்!"

"எவ்வளவு மண்ணு?"

"லாரி ஒசரத்துக்கு இருக்குதுங்க. ஏத்துங்க!"

வளைவு வந்தது. லாரி ரோட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. கிழங்குப் பாரம் வலது பக்கம் சாய்ந்தது. மண்குவியல் அங்கேயே இருந்தது. முந்தின நாள் யாராவது அள்ளிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வினாடியில் நினைத்தேன். அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்சக்கரம் மண்ணில் புதைந்து ஏறியது, கண்ணாடி முழுவதும் சிவப்பு மண். ஒரு பெரிய குலுக்கல். என் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது. வண்டி நின்றுவிட்டது.

இன்ஜின் அணைந்திருந்தது. பின்னாலிருந்து கிழங்குகள் ஒவ்வொன்றாக ரோட்டில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. நான் இறங்கி ஓடி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். இரண்டாவது கல்லைத் தூக்கும்போது கீழ் வளைவில் பஸ்ஸின் மூக்கு தெரிந்தது.

பஸ் நின்றது. அதன் டிரைவர் இறங்கிவந்து மூக்கை உறிஞ்சினார். "லைனர் தீஞ்சு போச்சு. தண்ணிய கிண்ணிய ஊத்திப்புடாதீங்க, பிரேக் டிரம்மு வெடிச்சிரும். தானா ஆறட்டும்," என்றார். பயணிகள் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஊர்க்காரம்மா ஒருவர் என் நெற்றிவீக்கத்தைப் பார்த்தார், வண்டியில் ஒட்டியிருந்த 'எல்'லைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுக்குத்தான் லாரியெல்லாம் நமக்கெதுக்குங்கறது. நீயா ஓட்டுனே?"

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் காதில் அது விழுந்தது, எனக்குத் தெரியும். அவர் குனிந்து உடைந்த ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தம்மா உச்சுக் கொட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பஸ் அந்தச் செய்தியையும் ஏற்றிக்கொண்டு மேலே போனது.

சக்கரங்கள் ஆறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாங்கள் இருவரும் சிந்திய கிழங்கைப் பொறுக்கிப் போட்டோம், சக்கரத்தைச் சுற்றி மண்ணைத் தள்ளினோம். அவர் ஏறி ஸ்டார்ட் செய்து வண்டியைப் பின்னால் எடுத்து ரோட்டில் நிறுத்தினார். பிரேக்கைப் பலமுறை மிதித்துச் சோதித்தார், பிடித்தது. கியரில் கை வைத்தார். எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். அதையும் எடுத்துவிட்டார்.

"நீ எடு அம்மிணி," என்றார்.

"நானுங்களா?"

"என்னால ஆவாது."

சாக்கை மடித்து முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு மட்டும் பயமில்லையா என்ன? ஆனால் கிழங்கு இருந்தது, ரோட்டில் அப்படியே நிற்கவும் முடியாது. இரண்டாவதில் போட்டேன், செங்குத்தான இடத்தில் முதலாவதுக்கு வந்தேன். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டேன். பின்னால் இரண்டு பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தன, வழிவிட்டேன். முள்ளுக்குறிச்சி வரும்வரை மாஸ்டர் ஒருமுறைகூட டேஷ்போர்டைத் தட்டவில்லை. முள்ளுக்குறிச்சியில் டீக்கடை முன்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்: முன்பக்கம் நசுங்கிய லாரி, ஒரு கண் இல்லை, ஸ்டியரிங்கில் நான்.

மில்லில் கிழங்கை இறக்கிவிட்டுச் சாயங்காலம் மேலே வருவதற்குள் மலை முழுக்க முடிவாகியிருந்தது. நான் லாரியை மண்ணில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் குழு கூடியது. தலைவர் மாஸ்டருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். "என்ன ஆச்சுங்க?" என்று கேட்டார்.

"பிரேக்கு சூடாயிருச்சுங்க. மலை ரோடுல அப்படி ஆவறதுதானுங்க," என்றார் மாஸ்டர். யார் ஓட்டியது என்று அவர் சொல்லவில்லை. தலைவரும் கேட்கவில்லை. யார் ஓட்டியது என்பது தனக்கே தெரியும் என்று தலைவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன் வைத்ததும் ஒருவர் சொன்னார்: "பொம்பளைய நம்பிக் குடுத்தா இப்படித்தான் ஆவும்."

என் கணவர் கதவருகே நின்றிருந்தார். அவருக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் வாயைத் திறக்கப் போனார். நான் அதற்கு முன் எழுந்துவிட்டேன். நாளைக்குக் கையெழுத்துக் கேட்டு அந்த மனிதர் முன்னால்தான் நிற்க வேண்டும் என்பது தெரிந்துதான் எழுந்தேன்.

"ஓட்டுனது நான் இல்லீங்க. மாஸ்டருதான். மண்ணுல ஏத்துன பிற்பாடு கீழ கொண்டுபோனதுதான் நான்," என்றேன். "ஆனா எம்மேலயும் தப்பு இருக்குதுங்க. மூணாவதுல எறக்குறாருன்னு தெரியும். லைனர் தீயற வாசம் வந்தப்பவே தெரியும். சான்றுல அவர் கையெழுத்து வேணுமேன்னு மூணு வளைவு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். கீழ பஸ் வந்துட்டிருந்துச்சு. அதுல நம்ம சனந்தான் இருந்துச்சு."

'பொம்பளைய நம்பி' என்று சொன்னவர் என் பேச்சை நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தலைவர் நோட்டை மூடினார். "மொதல்ல லைசென்ஸ் வரட்டும் சாமி. அப்புறம் பேசுவோம்," என்றார். அது சாதகமா பாதகமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். மாஸ்டர் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு வந்தார். என்னைத் தாண்டி உள்ளே போனார். புதிதாகச் சேர வந்தவர்களிடம் பேசினார், டீ குடித்தார், வெளியே போய் ஒரு சுற்றுப் பாடம் நடத்திவிட்டு வந்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். வேறு ஸ்கூலில் முதலிலிருந்து தொடங்கினால் எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மதியம் தாண்டித்தான் கூப்பிட்டார்.

"கூட்டத்துல சொல்லிட்டியாமா?"

"சொன்னேனுங்க."

"யாரு ஓட்டுனதுன்னும்?"

"ஆமாங்க."

மேசை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். என் பெயர் போட்ட சான்று. ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தது.

"உங்க தலைவருக்குக் காலையில போன் பண்ணிட்டேன்," என்றார். "நேத்தே சொல்லியிருக்கணும். எத்தனையோ பேருக்கு வண்டி சொல்லிக் குடுத்த வாயி, அன்னிக்கு வரல." தாளை என் பக்கம் தள்ளினார். "ரிவர்ஸ்ல வலதுகைக் கண்ணாடிய மட்டுமே பாத்துட்டு வர்றே. அதான் குச்சி சாயுது. ரெண்டையும் பாரு. போ."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் மேல் இருந்த கோபம் எனக்கு அன்று முழுசாகப் போய்விடவில்லை. என் மேல் இருந்ததும்தான்.

டெஸ்ட் நாமக்கல்லில். மைதானத்தில் இருபது பேருக்கு மேல் நின்றோம், பெண் நான் ஒருத்திதான். எனக்கு முன்னால் போனவர் ரிவர்ஸில் குச்சியைச் சாய்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் நிழலில் நின்று தாளில் எழுதினார்.

என் முறை வந்ததும் சாக்கோடு ஏறினேன். இன்ஸ்பெக்டர் சாக்கைப் பார்த்தார். "எந்த ஊரும்மா?"

"கொல்லிமலைங்க, சார்."

"எடுங்க."

முன்னால் போனேன், திரும்பினேன். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது கிளட்சைச் சீக்கிரம் விட்டு வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஒரு முனகல் கேட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், இம்முறை ஒரு விரல்கடைகூடப் பின்னால் உருளாமல் எடுத்தேன். பிறகு ரிவர்ஸ். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, மறுபடி இடது. கழுத்து இறுகிப்போய் வலித்தது. குச்சி எதுவும் விழுந்த சத்தம் கேட்கவில்லை. நிறுத்தி இறங்கிப் பார்த்தேன், கடைசிக் குச்சிக்கும் டயருக்கும் நடுவே ஒரு கை வைக்கிற இடைவெளிதான் இருந்தது. ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லிக் கூட வந்தார் இன்ஸ்பெக்டர். இறங்கும்போது, "சரி, போங்க," என்றார்.

வண்டியை ஒருமுறை அணையவிட்டவர்களில் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் பாஸா, பெயிலா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மாஸ்டரும் அன்று வந்திருந்தார், தூரத்தில் வேறு மாணவர்களோடு நின்றார். என்னைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தார். அது ஆமாவா இல்லையா என்றும் தெரியவில்லை.

சேந்தமங்கலத்தில் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. செய்தியைத் திறந்தேன். பாஸ். பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டிச் சரிதானா என்று கேட்கலாம் போலிருந்தது. கேட்கவில்லை. நானே நான்கு முறை படித்தேன். பஸ் நகர்ந்தது. மலை ஏறத் தொடங்கினால் சிக்னல் போய்விடும். அவசரமாக வீட்டுக்குப் போன் போட்டேன்.

"பாஸ் ஆயிட்டனுங்க," என்றேன்.

அந்தப் பக்கம் மாட்டின் கழுத்துமணிச் சத்தம் கேட்டது.

"அப்ப," என்றார் கணவர், "மேக்காட்டுக் கெழங்கை நாளைக்கே புடுங்கச் சொல்லிறட்டுமா?"

"லைசென்ஸ் கைக்கு வரணுமுங்க. அடுத்த வாரம் புடுங்கலாம்."

"சரி புள்ள. அடுத்த வாரம்," என்றார் அவர், சிரித்துக்கொண்டே. நான் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.